லிங்குவுக்கு யாருமில்லை

முப்பத்தாறு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுக்கு ஒரே ஒரு இன்பம்தான் மிச்சம். அதே ஆபீசை வெளியிலிருந்து ஜெயிப்பது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்துவிடுவேன். வருகிறவர்களுக்கெல்லாம் மனு எழுதித் தருவேன். கூலி ஒரு டீ. என் மனுவைக் கண்டாலே அதிகாரியின் மேஜை நாலு அடி பின்னால் நகரும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

அந்தப் பெஞ்சுக்கு அடிக்கடி வருகிறவள் யோகேஸ்வரி. சமூகப் பணியாளர். அதற்கென்றே கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள். வேலை என்னவோ பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு தாலுகாவுக்கும் அவள் ஒருத்தி. கையில் படுக்கையாளிகளும் மனவளர்ச்சி குன்றியவர்களுமாக எழுபத்து மூன்று பேர். அவள் ஸ்கூட்டியில் முன்னால் ஃபைல், பின்னால் ஃபைல், சீட்டுக்கு அடியில் ஃபைல். பெட்ரோல் போட வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து ஃபைல்களை இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரரோடு நின்று போனில் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லையென்றால் அவள் போகவேயில்லை என்று அர்த்தம். முடங்கியாறு பக்கம் ஒரு வீட்டுக்குள் சிக்னல் வரவில்லை என்று, படுத்த படுக்கையாய்க் கிடந்தவரைக் கட்டிலோடு தெருவுக்குத் தூக்கிவந்து படம் எடுத்தார்கள். கட்டிலின் ஒரு காலைப் பிடித்தவன் நான். அதனால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் உண்மை.

ஆடி மாதம் ஒருநாள் அவள் வெள்ளத்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூடவே வெள்ளத்தாயின் மகன் லிங்கேஸ்வரன். வீட்டில் லிங்கு. முப்பத்து நாலு வயது, ஆறடி உயரம், மூன்று வயதுக் குழந்தையின் மனசு. வந்த வேகத்தில் என் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, கிளாசை என் மடியில் கவிழ்த்து வைத்தான்.

"ஏலே, பெரியவுக டீயக் குடிக்கலாமால?" என்று வெள்ளத்தாய் அவன் தோளில் ஒன்று போட்டாள். அவன் சிரித்தான். டீக்கடைத் தகரம் அதிர்கிற சிரிப்பு.

வெள்ளத்தாய் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம். சொந்தம் என்று இருந்த ஒரு தம்பியும் லாரி மோதிப் போனான். பிழிந்த துணி மாதிரி இருந்தாள்.

"கிளார்க்கையா, எனக்கு வயித்துல கட்டி. மதுரைப் பெரியாஸ்பத்திரியில தையத் தாண்டாதுன்னுட்டாவ. நான் போறதப் பத்தி ஒண்ணுமில்ல. இவன எங்கயாச்சும் உக்கார வச்சிட்டுப் போகணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். தைக்குள் லிங்குவுக்கு ஒரு கட்டில். நான் சட்டைக் கையை மடக்கினேன். எனக்கு ஒரே குஷி. இந்த மாதிரி மனு அமைந்து வருடக்கணக்காயிற்று.

யோகேஸ்வரிதான் என் குஷியில் தண்ணீர் ஊற்றினாள். "சார், எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன். லிங்கு மாதிரி ஆள இல்லத்துல சேக்கணும்னா ஆதரவற்றவர்னு சான்று வேணும். அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் அதத் தரமாட்டாங்க."

"சரி, அம்மா போன பிறகு?"

"அப்பத் தருவாங்க. ஆனா அதுக்கு விண்ணப்பத்துல பாதுகாவலர் கையெழுத்து போடணும்."

"பாதுகாவலர் யாரு?"

"அம்மா."

நான் சிரித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பெஞ்சிலிருந்து விழுந்து உருண்டு சிரித்தேன். செத்தவள் வந்து கையெழுத்து போட வேண்டும், போட்டுவிட்டு மறுபடி செத்துப்போக வேண்டும்! எத்தனையோ விசித்திரமான உத்தரவுகளை என் கையாலேயே தட்டச்சு செய்தவன் நான். இப்படி ஒன்றை யோசித்த மூளைக்குச் சிலை வைக்க வேண்டும். வெள்ளத்தாயும் சிரித்தாள். அம்மா சிரிக்கிறாளே என்று லிங்குவும் சிரித்தான். யோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் சுந்தரபாண்டியத்துல ஒரு கேஸ் சார். இதே மாதிரி அம்மாவும் மகனும். எதிர்பாக்காம அம்மா போயிட்டாங்க. பக்கத்துல யாருக்கும் தெரியல. ரெண்டு நாளா அந்தப் பையன் அம்மா வாயில சோத்த ஊட்டிக்கிட்டே இருந்திருக்கான். படம் எடுக்க நான்தான் போய்க் கதவத் தொறந்தேன்."

டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஒன்பது மனு எழுதினேன். ஒன்பதும் ஒரே பதிலோடு திரும்பி வந்தன. இடையில் யோகேஸ்வரி ஒருநாள் தாயையும் மகனையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாற்கடல் குளம் தாண்டி இருக்கிற ஒரு இல்லத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். உள்ளே வேப்பமரம், ஓடு போட்ட கூடம், முப்பது பேர். லிங்கு போன கையோடு பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டானாம். திரும்பி வந்த வெள்ளத்தாய் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளார்க்கையா, அது போதும்" என்றாள். "இங்கேருந்து டவுன் பஸ்ஸுல அரை மணி. எந்திரிச்சு நடக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் கம்பி வழியா பாத்துட்டு வந்துருவேன். பொறவு அவிய பாத்துக்கிடுவாவ."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. பிறந்தது என்றா சொன்னேன், குதித்தது.

"யோகேஸ்வரிம்மா, விண்ணப்பம் போட்டாத்தானே பாதுகாவலர் கேக்குறான்? அநாதையா கண்டெடுத்தா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிற்று. "வேண்டாம் சார்."

"கேளு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல லிங்கு தனியா உக்காந்திருக்கான். போலீஸ் பாக்குது. பேரு கேட்டா லிங்குங்கான். ஊரு கேட்டா சிரிக்கான். யாருமில்லாத ஆளுன்னு எழுதுறாங்க. எந்த எல்லையில கெடச்சானோ அந்த எல்லையில இருக்கிற இல்லம் எடுத்தாகணும். எங்க ஆபீசுல பொணத்துக்கே எல்லைதான். ரோட்டுல ஒருத்தன் செத்துக் கெடந்தா, தல எந்தத் தாலுகா, கால் எந்தத் தாலுகான்னு டேப்பு வச்சு அளந்திருக்கோம்!"

"விசாரிச்சேன், சொந்தம் யாரும் கெடைக்கலன்னு ரிப்போர்ட்டுல நான்தான் சார் கையெழுத்து போடணும். பொய்னு தெரிஞ்சா வேல மட்டும் போகாது."

வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்தாள். "தாயி, அந்தச் சுந்தரபாண்டியத்துப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

யோகேஸ்வரி மடியிலிருந்த ஃபைலை மூடினாள். "தெரியலம்மா. ரயில்ல ஏறிட்டான்னு சொன்னாங்க" என்றாள்.

அதற்குமேல் வாதம் நடக்கவில்லை.

புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளத்தாய் அவனைக் குளிப்பாட்டி, கட்டம் போட்ட சட்டை மாட்டி, டவுன் பஸ்ஸில் கூட்டி வந்தாள். நான் பின்சீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கால் கிலோ காரச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தாள். சேவு இருக்கிற வரை அவன் உலகத்தில் வேறு மனிதர்கள் கிடையாது. அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. தலையைத் தடவவில்லை. தடவினால் பின்னாலேயே எழுந்து வந்துவிடுவான். விடுவிடென்று நடந்து எதிரே இருந்த வளையல் கடைக்குள் போய் நின்றுகொண்டாள். நானும் போனேன். கடைக்காரன் "என்ன சைஸ்?" என்று கேட்டதற்கு ஏதோ ஒரு சைஸ் சொன்னாள். போட்டுப் பார்த்தாள். கழற்றினாள். இன்னொன்று போட்டாள். ஒன்றேகால் மணி நேரத்தில் கடையில் இருந்த வளையல் அத்தனையும் அவள் கையில் ஏறி இறங்கியிருக்கும். கடைசியில் ஏட்டு உக்கிரபாண்டி வந்தார்.

அவர் லிங்குவின் முன்னால் குனிந்து என்னவோ கேட்டார். லிங்கு அவருக்குச் சேவு நீட்டினான். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலம் தீரும் மட்டும் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, அவன் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். நான் பார்த்த போலீஸ்காரர்களிலேயே உத்தமர். அவர் மட்டும் கொஞ்சம் முரடராக இருந்திருந்தால் வெள்ளத்தாய் ஓடிப்போய், "எம் பிள்ளைய விடுய்யா" என்று பிடுங்கிக்கொண்டு வந்திருப்பாள். எல்லாம் அன்றோடு போயிருக்கும்.

திட்டம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்டேஷனிலிருந்து யோகேஸ்வரிக்குப் போன். அவள் வந்தாள், எழுதினாள், தற்காலிகமாக என்று சொல்லித் திருப்பாற்கடல் தாண்டி அதே இல்லத்தில் சேர்த்தாள். முன்பு வந்து சாப்பிட்ட முகம் என்று அங்கே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. அதே வேப்பமரம், அதே பந்தி. நான் டீக்கடையில் எல்லாருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்தேன். அரசாங்கத்தை ஒற்றைக் கையால் மடக்கிவிட்டேன் என்று ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

விதிப்படி பதினைந்து நாள் விசாரணை. லிங்குவின் படத்தைப் போட்டு, 'இவரைத் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்' என்று யோகேஸ்வரி பஸ் ஸ்டாண்டுத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். அடியில் அவளுடைய நம்பர். வெள்ளத்தாய் தினமும் காலையில் வந்து முதலில் இல்லத்துக் கம்பி வழியாக மகனைப் பார்ப்பாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அந்த நோட்டீஸ் முன்னால் செத்த நேரம் நிற்பாள். ஒருநாள் பூக்காரி ஒருத்தி, "யாருக்கா இவன்? ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "தெரியலயே தாயி. பெத்தவ எங்க தேடுதாளோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். என்னிடம் இதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பொய் சொல்லப் பழகிவிட்டாளாம்.

பதினாறாம் நாள் யோகேஸ்வரி டீக்கடைக்கு வந்தாள். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடவில்லை. அது ஃபைல்களோடு சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கவும் இல்லை.

"சார், அலாட்மெண்ட் வந்துருச்சு. தர்மபுரி தாண்டி."

"என்ன தர்மபுரி?"

"அங்கதான் கட்டில் காலி இருக்காம். வெள்ளிக்கிழமை வேன் வருது."

"அட, இவன் கெடச்சது ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையிலம்மா! எல்லை..."

"எல்லையெல்லாம் இப்ப இல்ல சார். மாநிலம் முழுக்க ஒரே லிஸ்ட். கம்ப்யூட்டர் பாத்து எங்க காலியோ அங்க போடுது. நாலு வருஷமாச்சாம்."

"உனக்குத் தெரியாதா?"

"கண்டெடுத்த கேஸ் எனக்கு இதுதான் சார் மொதல். வீட்டுல இருக்கிறவங்களத்தான் நான் பாக்கிறது. நீங்க முப்பத்தாறு வருஷம் பாத்தவரு. நீங்க சொன்னீங்கன்னு..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

நான் ஓய்வு பெற்றே பதின்மூன்று வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே எல்லாம் நான் விட்டுவந்தபடியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டேப்பு வைத்து அளந்த காலம் போனதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெள்ளத்தாயின் வீட்டுக்குப் போனோம். யோகேஸ்வரி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். இப்போதே உண்மையைச் சொன்னால் லிங்குவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஏமாற்றிச் சேர்க்கப் பார்த்தவன் என்று பேர் விழும். பிறகு எந்த இல்லமும் அவனை எடுக்காது. தை மாதம் வரும். அதற்குப் பின்னால் அவன் தெருவில்.

"ஒனக்கு என்ன ஆகும் தாயி?" என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

"என்ன விடுங்கம்மா."

"சொல்லு."

"கேஸ் போடுவாங்க."

வெள்ளத்தாய் அடுப்பில் கிடந்த சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். காலிச் சட்டி. அதைச் சற்று நேரம் கிண்டினாள்.

"அனுப்பிருங்க" என்றாள். "அங்கயும் சோறுதானே போடுவாவ."

வெள்ளிக்கிழமை வேன் போயிற்று. அந்த மாத அறிக்கையில் யோகேஸ்வரியின் பெயருக்கு நேரே 'மீட்பு: ஒன்று' என்று ஏறியது. மாவட்டத்திலேயே அந்த மாதம் அவள் ஒருத்திக்குத்தான் அந்தக் கட்டத்தில் ஒன்று. சால்வை போர்த்தி, பாராட்டுச் சான்றிதழ் கொடுத்து, படம் பிடித்து குரூப்பில் போட்டார்கள். படத்தில் அவள் சால்வைக்குள் காய்ச்சல்காரி மாதிரி இருந்தாள். சான்றிதழை என் பெஞ்சில் வைத்துவிட்டு, "நீங்க வச்சுக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் படம் எடுக்கப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? இன்னும் எழுபத்திரண்டு பேர் இருக்கிறார்களே.

அதற்கப்புறம் வெள்ளத்தாய் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அம்மா என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. யாரோ என்று போனால் உள்ளே விடமாட்டார்கள். யோகேஸ்வரி விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒருவேளைச் சாப்பாடு போடுகிறவர்களை அங்கே உள்ளே அனுமதிக்கிறார்கள். அவர்கள் கையாலேயே பரிமாறலாம். கார்த்திகையில் யாரோ கைவிட்ட ஒரு மதியம் கிடைத்தது. என் எழுபத்தொன்றாவது பிறந்தநாள் என்று பதிந்தோம். நான் பிறந்தது வைகாசியில். கார்த்திகையில் ஒருதடவை பிறந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மூன்று பஸ் மாறிப் போனோம். சீட்டில் உட்கார முடியாமல் வெள்ளத்தாய் பாதி தூரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். வயிறு வீங்கியிருந்தது. நாமக்கல்லில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "எத்தனாவது மாசம் பாட்டி?" என்று விளையாட்டாகக் கேட்டது. வெள்ளத்தாய் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள்.

இல்லத்தின் பொறுப்பாளர் கிருபாபாய் என்ற அம்மாள். அறுபது ஆண்களுக்கு அவரும் ஒரு சமையல்காரரும் ஒரு காவலாளியும். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "நீங்க தெக்கத்தி ஆளுகளா? நான் நாசரேத்து. இங்க வந்து எட்டு வருஷமாச்சு. நம்ம பேச்சக் கேக்கவே ஆளு இல்ல."

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் மொட்டைத்தலை, எல்லாருக்கும் யாரோ கொடுத்த சட்டை. நான் பாயசக் கரண்டியோடு நின்றேன். வெள்ளத்தாய் சோற்று வாளியைத் தூக்கினாள். எப்படித் தூக்கினாளோ. ஒவ்வொரு தட்டாக வைத்துக்கொண்டே வந்தாள். பதினோராவது ஆள் லிங்கு. பாதியாக இளைத்திருந்தான். நெற்றியில் ஆறிய காயம் ஒன்று.

நிமிர்ந்து பார்த்து, "எம்மா" என்றான்.

வாளி நின்றது. கிருபாபாய் அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார். "தப்பா நெனைக்காதீங்க ஆச்சி. சோறு வைக்கிற எல்லாரையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். நேத்து வந்த பேங்க் மேனேஜரையும் எம்மான்னான்."

"அதுக்கென்ன" என்றாள் வெள்ளத்தாய். "சாப்பிடுப்பா."

அடுத்த தட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அப்பளத்தைச் சோற்றுக்குள் நொறுக்கி, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, உருண்டை உருட்டித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். லிங்கு ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டான். அவன் அம்மாவைத் தெரிந்துகொண்டானா, இல்லை உருண்டையைத்தான் தெரிந்துகொண்டானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிற எனக்கு, அதில் கூட்ட ஒன்றும் அகப்படவில்லை.

கிருபாபாய் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆச்சி, நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் சொல்லாதிய. தாய்னு எழுதினா இன்னைக்கே உங்க கூட அனுப்பணும். சாப்பாடு போட வந்தவுகன்னு எழுதிக்கிடுதேன்."

வெள்ளத்தாய் ஈரக் கையோடு கும்பிட்டாள். "திரும்ப எப்ப வரலாம் தாயி?"

கிருபாபாய் நோட்டைப் புரட்டினார். மார்கழி நிறைந்திருந்தது. தை, மாசி, பங்குனி எல்லாம் நிறைந்திருந்தது. ஊர் முழுக்கப் பிறந்தநாள். "சித்திரை இருபதுதான் இருக்கு. பிறந்தநாளா, நினைவுநாளா? என்னன்னு போட?"

"எதப் போட்டா சீக்கிரம் கெடைக்கும்?"

"எதுனாலும் சித்திரைதான் ஆச்சி."

"அப்ப நீங்களே ஒண்ணப் போட்டுக்கிடுங்க."

திரும்பும்போது அவளுக்குக் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார இடம் கிடைத்தது. சேலம் வரை கண்ணை மூடியிருந்தாள். பிறகு திடீரென்று பேச ஆரம்பித்தாள்.

"கிளார்க்கையா, சித்திரைக்கு நீங்கதான் போகணும். ரசத்தக் கலக்கி ஊத்தணும். தெளிஞ்சத ஊத்துனா தொடமாட்டான். அப்பளத்த முழுசாக் கொடுக்காதிய, தலையில வச்சு வெளையாடுவான். மொளகா கெடந்தா எடுத்துப் போட்டுருங்க. அவனுக்கு எடுக்கத் தெரியாது."

"சரி வெள்ளத்தாயி."

"எதுனாலும் எழுதி வச்சுக்கிடுங்க. மறந்துருவிய."

பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். இடம் பத்தவில்லை. இன்னொரு டிக்கெட் எடுத்தேன்.

"எம்மா எங்கன்னு கேட்டாலும் கேப்பான். தண்ணி பிடிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. அதச் சொன்னா நம்புவான். எம்புட்டு நேரமானாலும் எந்திரிக்காம உக்காந்திருப்பான்."